பாரிஸ் குளிருக்கு விறகு அடுப்பு: வாங்கினால் லாபமா, வம்பா? | விளக்கம்

புதுச்சேரியில் ஜனவரி அதிகாலையில்கூட வெப்பநிலை 20 டிகிரிக்கு வெகுவாகக் கீழே இறங்குவது அபூர்வம். ஒரு போர்வை போதும். ஆனால், இந்த ஊரில் வீட்டைச் சூடாக்கும் செலவு பற்றிக் கவலைப்படும் குடும்பங்கள் ஏராளம். காரணம், அந்த வீடு இருப்பது லாஸ்பேட்டையிலோ முத்தியால்பேட்டையிலோ அல்ல, பாரிஸ் புறநகரில்.

1954 நவம்பர் 1-ல் புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியான ஒப்படைப்பு முடிந்தது. அந்த ஒப்பந்தம் கொடுத்த வாய்ப்பைப் பயன்படுத்திப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர்கள், பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த ‘சொல்தா’ குடும்பங்கள், அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று ஒரு பெரிய கூட்டம் இன்று பிரான்ஸில் வாழ்கிறது. படிக்கவும் வேலைக்கும் புதிதாகப் போகிறவர்களும் உண்டு. நவம்பர் பிறந்தால் வாட்ஸ்அப் அழைப்புகளில் அடிபடும் பேச்சு, ‘ஹீட்டிங் பில்’.

“கரன்ட் பில் கட்டி முடியலை, ஹாலில் ஒரு சின்ன விறகு அடுப்பு போட்டுடலாமா?” என்பது அங்கே தனி வீடு வாங்கியவர்கள் பலரும் கேட்கும் கேள்வி. அதற்கான பதிலைக் கணக்கோடு பார்ப்போம்.

திடீரென ஏன் விறகு?

2022-ல் ரஷ்யா - உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பாவில் எரிவாயு, மின்சார விலைகள் எகிறின. பிரான்ஸ் அரசு கட்டண உயர்வுக்கு வரம்பு வைத்தது. மின்கட்டண உயர்வு 2022-ல் 4 சதவீதம், 2023 பிப்ரவரியில் 15 சதவீதம், அதே ஆண்டு ஆகஸ்டில் இன்னொரு 10 சதவீதம் என்று படிப்படியாக வந்தது. 2025 பிப்ரவரியில் கட்டணம் சுமார் 15 சதவீதம் இறங்கி, அரசு நிர்ணயக் கட்டணம் யூனிட்டுக்கு ஏறத்தாழ 20 சென்ட் என்ற அளவுக்கு வந்தது.

அந்தக் குளிர்காலத்தில்தான் பலர் விறகுப் பக்கம் திரும்பினார்கள். விளைவு? விறகு விலையும் ஏறியது. மரத்தூளை அழுத்திச் செய்யும் ‘பெல்லெட்’ உருளைகள் 15 கிலோ மூட்டையாக விற்கப்படுகின்றன. 5 யூரோவுக்கும் குறைவாக இருந்த மூட்டை, 2022 இறுதியில் 10 யூரோவைத் தாண்டியது. விறகில் சூடேற்றும் வீடுகளுக்கு அரசு 50 முதல் 200 யூரோ வரை தனி உதவித்தொகை தரவேண்டி வந்தது. பிறகு விலை இறங்கியது. ‘விறகு என்றால் எப்போதும் மலிவு’ என்ற நம்பிக்கையும் அத்தோடு கொஞ்சம் இறங்கியது.

என்னென்ன வகைகள் இருக்கு?

துணைச் சூடேற்றலுக்கு, அதாவது வீட்டின் முதன்மை ஹீட்டர் ஒரு பக்கம் இருக்க, ஹாலை மட்டும் சூடாக்க, நான்கு வழிகள் உண்டு.

*திறந்த கணப்பு:* சினிமாவில் பார்ப்பது. சுவரில் பதித்த, முன்பக்கம் திறந்த அடுப்பு. பார்க்க அழகு, வேலைக்கு உதவாது. விறகின் வெப்பத்தில் 10 - 15 சதவீதம் மட்டுமே அறைக்குள் வரும். மீதி புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போகும். போகும்போது அறையில் ஏற்கெனவே இருந்த சூடான காற்றையும் இழுத்துக்கொண்டு போகும்.

*இன்செர்ட்:* பழைய கணப்புக்குள் பொருத்தும் கண்ணாடிக் கதவு வைத்த இரும்புப் பெட்டி. புகைபோக்கி ஏற்கெனவே உள்ள பழைய வீடுகளுக்கு ஏற்றது.

*விறகு ஸ்டவ்:* தனியாக நிற்கும் இரும்பு அடுப்பு. கண்ணாடிக் கதவு, காற்றைக் கட்டுப்படுத்தும் திருகு, மேலே குழாய். நல்ல மாடலில் திறன் 75 - 80 சதவீதம். மின்சாரமே தேவையில்லை, கரன்ட் போனாலும் எரியும்.

*பெல்லெட் ஸ்டவ்:* மோட்டார் உருளைகளைத் தானாகத் தள்ளும். நேரம், வெப்பநிலை எல்லாம் செட் செய்யலாம். திறன் 85 - 90 சதவீதம். ஆனால், கரன்ட் வேண்டும், ஃபேன் சத்தம் இருக்கும், பழுதானால் மெக்கானிக் வர வேண்டும்.

2022 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் புதிய அடுப்புகளுக்கு ‘எகோடிசைன்’ விதி பொருந்தும். கதவு மூடிய விறகு அடுப்புக்கு ஆண்டு சராசரித் திறன் குறைந்தது 65 சதவீதம், பெல்லெட்டுக்கு 79 சதவீதம் இருக்க வேண்டும். புகைத்துகள் அளவுக்கும் வரம்பு உண்டு. இதற்கு மேல் தரம் பார்க்கிறவர்கள் ‘ஃபிளாம் வெர்ட்’ முத்திரையில் 7 நட்சத்திரம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

உண்மையில் எவ்வளவு மிச்சம்?

ஒரு எளிய கணக்கு. குளிர்கால மாலையில் 5 மணி நேரம், ஹாலுக்கு மணிக்கு 4 கிலோவாட் வெப்பம் தேவை என்று வைப்போம். மொத்தம் 20 யூனிட் வெப்பம். அதற்கான எரிபொருள் செலவு, சுமாராக:

- சாதாரண மின் ஹீட்டர் (யூனிட் 20 சென்ட்): 4 யூரோ
- எரிவாயு பாய்லர் (யூனிட் 11 சென்ட், 90 சதவீதத் திறன்): 2.40 யூரோ
- பெல்லெட் (15 கிலோ மூட்டை 5.50 யூரோ): 1.80 யூரோ
- காய்ந்த விறகு (ஒரு ‘ஸ்டேர்’ 100 யூரோ): 1.40 யூரோ
- ஹீட் பம்ப் ஏசி (ஒரு யூனிட் கரன்டுக்கு 3 யூனிட் வெப்பம்): 1.30 யூரோ

மின் ஹீட்டரோடு ஒப்பிட்டால் விறகில் நாளுக்கு 2.60 யூரோ மிச்சம். வருஷத்துக்கு 120 நாள் எரித்தால் சுமார் 310 யூரோ. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால், அடுப்பு, புகைக்குழாய், பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து 3,000 முதல் 5,000 யூரோ வரை ஆகும். உதவித்தொகை இல்லாவிட்டால், போட்ட பணம் திரும்ப 10 முதல் 16 ஆண்டுகள்.

ஏற்கெனவே எரிவாயு பாய்லர் உள்ள வீட்டில் மிச்சம் நாளுக்கு ஒரு யூரோதான். அங்கே பணத்துக்காக விறகு அடுப்பு போடுவதில் அர்த்தமே இல்லை. நாள் முழுக்க ஆள் இருக்கும், பழைய மின் ஹீட்டரை மட்டும் நம்பியிருக்கும் வீட்டில் கதை வேறு. தினமும் 10 மணி நேரம் எரிந்தால் மிச்சம் இரட்டிப்பாகும், காத்திருக்கும் ஆண்டுகள் பாதியாகும்.

பட்டியலின் கடைசி வரியைக் கவனிக்க வேண்டும். ஹீட் பம்ப் ஏசி விறகுக்குச் சமமான செலவில் அதே வெப்பத்தைத் தருகிறது. விறகு சுமக்க வேண்டாம், சாம்பல் அள்ள வேண்டாம், புகையும் இல்லை. கடும் உறைபனி நாளில் அதன் திறன் குறையும். ஆனால், பாரிஸ் பகுதியின் சராசரி ஜனவரியில் அது நன்றாகவே வேலை செய்யும்.

எவ்வளவு பெரிய அடுப்பு வாங்கணும்?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ‘பெருசா வாங்கினா நல்லா சூடாகும்’ என்ற நினைப்பில் 10 - 12 கிலோவாட் அடுப்பை வாங்கிவிடுவார்கள். அரை மணியில் ஹால் 27 டிகிரியைத் தொடும், யாரும் உட்கார முடியாது. உடனே காற்றுத் திருகை மூடுவார்கள். காற்று போதாத நெருப்பு முழுசாக எரியாது, புகையும். கண்ணாடி கறுப்பாகும். குழாயின் உட்பக்கம் தார் போலப் படியும். ஒருநாள் அந்தத் தாரே குழாய்க்குள் தீப்பிடிக்கும். புகைபோக்கித் தீ என்று தீயணைப்புத் துறை சொல்வது இதைத்தான்.

பொதுவான கணக்கு: சாதாரண உயரம் உள்ள பழைய வீட்டில் 10 சதுர மீட்டருக்கு 1 கிலோவாட். வெப்பக் காப்பு நன்றாகச் செய்த வீட்டில் அதில் பாதி போதும். 50 சதுர மீட்டர் ஹாலுக்கு 5 கிலோவாட் அடுப்பே அதிகபட்சம். சின்ன அடுப்பை முழு வேகத்தில் எரிப்பது, பெரிய அடுப்பை மூச்சுத் திணற வைப்பதைவிட எல்லா வகையிலும் மேல். 5 கிலோவாட் அடுப்பு முழு வேகத்தில் எரிந்தால் மணிக்கு ஒன்றரை கிலோ விறகு செலவாகும்.

விறகு வாங்குவதில் என்ன வில்லங்கம்?

புதுச்சேரி, கடலூர் பக்கம் விறகு என்றால் சவுக்கு. விறகுக் கடையில் எடை போட்டுக் கொடுப்பார்கள். பிரான்ஸில் அளவு ‘ஸ்டேர்’. ஒரு மீட்டர் நீளக் கட்டைகளை ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரத்துக்கு அடுக்கினால் வருவது ஒரு ஸ்டேர். அதே கட்டைகளை 50 சென்டிமீட்டராக அறுத்தால் இடைவெளி குறைந்து 0.8 கன மீட்டராகச் சுருங்கும். 33 சென்டிமீட்டராக அறுத்தால் 0.7. புதிதாக வாங்குபவர் ‘குறையுதே’ என்று சண்டை போடுவதும் உண்டு. 0.7 கன மீட்டரை அளந்து கொடுத்து, ஒரு மீட்டர் நீளக் கட்டைக்கான ஒரு ஸ்டேர் விலையை வாங்குபவர்களும் உண்டு. கட்டையின் நீளத்தைக் கேட்காமல் விலை பேசக் கூடாது.

அதைவிட முக்கியம், ஈரம். அப்போது வெட்டிய மரத்தில் எடையில் பாதி தண்ணீர். அதை எரித்தால் கிலோவுக்கு 2 யூனிட் வெப்பம்தான் கிடைக்கும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்த விறகில் 4 யூனிட். அதாவது, ஈர விறகை வாங்கினால் பாதிப் பணம் தண்ணீருக்குப் போகிறது. தார், புகை எல்லாம் இலவச இணைப்பு. ஓக், பீச் போன்ற கடின மரம் காய்வதற்கு மழை படாத, காற்றோட்டமான இடத்தில் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஆகும். ஈரமானி சுமார் 20 யூரோவுக்குக் கிடைக்கும். கட்டையைப் பிளந்து உட்பக்கத்தில் குத்திப் பார்க்க வேண்டும். வெளிப்பக்கம் எப்போதும் காய்ந்த மாதிரிதான் காட்டும்.

பெயின்ட் அடித்த பலகை, பழைய ஃபர்னிச்சர், பிளைவுட் ஆகியவற்றை எரிக்கவே கூடாது. அதிலிருந்து வரும் நச்சுப்புகை அடுப்பையும் கெடுக்கும், ஆளையும் கெடுக்கும்.

புகை யார் பிரச்சினை?

அக்கம்பக்கத்தார் பிரச்சினை. பிரான்ஸ் அரசின் 2021 செயல்திட்டத்தின்படி, நாட்டில் வெளியாகும் பிஎம் 2.5 நுண்துகள்களில் 43 சதவீதம் வீடுகளில் விறகு எரிப்பதால் வருகிறது. 2020 - 2030 காலத்தில் அதைப் பாதியாகக் குறைப்பது இலக்கு. லியோன் பெருநகரில் 2023 ஏப்ரல் 1 முதல் திறந்த கணப்புகளுக்குத் தடை. பாரிஸ் பகுதியில் 2015 ஜனவரி 1 முதல் வரவிருந்த தடை, அன்றைய சூழலியல் அமைச்சர் செகோலென் ரோயால் எதிர்த்ததால் கடைசி நேரத்தில் கைவிடப்பட்டது. ஆனாலும் காற்று மாசு அளவு மீறும் நாட்களில், துணைச் சூடேற்றலுக்காக விறகு எரிப்பதை மாவட்ட நிர்வாகம் நிறுத்திவைக்க முடியும். துணை அடுப்பை நம்பி இருக்கிற ஹீட்டரைக் கழற்றிவிடக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

புகையைக் குறைக்கக் காசே செலவாகாத ஒரு வழி உண்டு: மேலிருந்து பற்றவைப்பது. பெரிய கட்டைகள் கீழே, அதன்மேல் சின்னக் கட்டை, உச்சியில் சுள்ளி. தீ மேலே தொடங்கி மெல்லக் கீழே இறங்கும். கட்டையிலிருந்து கிளம்பும் வாயு தீயைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும் என்பதால், போகிற வழியிலேயே எரிந்துவிடும். கீழே சுள்ளி வைத்து ஊதிப் பழகிய நம் கைகளுக்கு முதலில் தலைகீழாகத் தோன்றும்.

அப்பார்ட்மென்டில் போட முடியுமா?

பெரும்பாலும் முடியாது. வாடகை வீடு என்றால் உரிமையாளர் அனுமதி வேண்டும். சொந்த ஃபிளாட் என்றாலும் புகைபோக்கியும் கூரையும் பொதுச் சொத்து. குடியிருப்போர் கூட்டத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். பழைய கட்டடத்தில் புகைபோக்கி இருப்பதாலேயே அது பயன்படுத்தத் தகுந்தது என்று அர்த்தமில்லை. விரிசல் விட்டிருந்தால் புகை மேல்மாடிக்காரர் படுக்கையறைக்குள் போகும். உள்ளே புதிய உலோகக் குழாய் இறக்க வேண்டியிருக்கும்.

தனி வீட்டிலும் விதிகள் உண்டு. குழாயின் வாய், கூரை முகட்டையும் 8 மீட்டர் சுற்றளவில் உள்ள எதையும்விடக் குறைந்தது 40 சென்டிமீட்டர் உயரமாக இருக்க வேண்டும். அடுப்புக்கு வெளியிலிருந்து காற்று வர வழி வேண்டும். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் வலுவானதாக இருந்தால் அது புகையை வீட்டுக்குள்ளேயே இழுத்துவிடும். புகைபோக்கியை ஆண்டுக்கு ஒரு முறையாவது தொழில்முறையாளரை வைத்துச் சுத்தம் செய்து சான்றிதழ் வாங்கி வைக்க வேண்டும். தீ விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.

அரசு உதவி கிடைக்குமா?

2020-ல் தொடங்கிய ‘மா ப்ரிம் ரெனோவ்’ திட்டத்தில் வருமானத்தைப் பொறுத்து உதவி உண்டு. வீடு கட்டி 15 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். அது நிரந்தரமாக வசிக்கும் வீடாக இருக்க வேண்டும். ‘ஆர்ஜிஇ’ சான்று பெற்ற நிறுவனம்தான் பொருத்த வேண்டும். தொகையும் நிபந்தனைகளும் அடிக்கடி மாறுகின்றன. விறகு அடுப்புக்கான உதவி அண்மை ஆண்டுகளில் குறைக்கப்பட்டுள்ளது. அதனால், கையெழுத்துப் போடும் முன் ‘பிரான்ஸ் ரெனோவ்’ அரசு ஆலோசனை மையத்தில் இலவசமாகக் கேட்டுக்கொள்வது நல்லது. ‘ஒரு யூரோவுக்கு அடுப்பு’ என்று போனில் வரும் அழைப்புகளை அப்படியே துண்டித்துவிடலாம். பழைய பொருள் தளத்தில் 200 யூரோவுக்கு வாங்கி நண்பரை வைத்துப் பொருத்தினால் உதவியும் இல்லை, காப்பீட்டிலும் சிக்கல்.

உயிருக்கு ஆபத்து எங்கே?

கார்பன் மோனாக்சைடு. நிறம், மணம் இல்லாத வாயு. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தூக்கம் என்று தொடங்கும். தூங்கியவர் எழுந்திருக்க மாட்டார். பிரான்ஸில் ஆண்டுதோறும் சுமார் 3,000 பேர் இந்த வாயுவால் பாதிக்கப்படுகிறார்கள்.

முறையாகப் பொருத்திய விறகு அடுப்பைவிட, அது வாங்க வசதி இல்லாதவர்கள் கையில் எடுக்கும் மாற்றுகள்தான் அதிக ஆபத்து. மண்ணெண்ணெய் ஹீட்டரை மூடிய அறையில் இரவு முழுக்க ஓட்டுவது, பார்பிக்யூ கரி அடுப்பை உள்ளே கொண்டுவருவது. புகைக்குழாய் இல்லாத எந்த நெருப்பும் தூங்கும் அறைக்கு ஆகாது.

இதைப் படிக்கும் புதுச்சேரிவாசிக்கும் இது பொருந்தும். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த 2 பேர், குளிருக்காகப் பார்பிக்யூ கரியை அறைக்குள் வைத்துத் தூங்கி உயிரிழந்தனர். ஊட்டி, கொடைக்கானல் போகும் வாரக்கடைசிப் பயணங்களில் ‘ஒரு சட்டி கரி கேட்டு வாங்கலாம்’ என்று யாராவது சொன்னால், இன்னொரு கம்பளி கேட்பதே சரி.

பிரான்ஸில் 2015 மார்ச் முதல் எல்லா வீடுகளிலும் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம். அது கார்பன் மோனாக்சைடைக் கண்டுபிடிக்காது. அதற்கெனத் தனிக் கருவி வேண்டும். விலை 30 யூரோ அளவில்தான். அறிகுறி தெரிந்தால் ஜன்னலைத் திற, அடுப்பை அணை, எல்லோரும் வெளியேறு, 112-ஐ அழை. இதே வரிசையில்.

அப்போ, யார் வாங்கலாம்?

- ஃபிளாட்டில் இருப்பவர்: வேண்டாம். ஜன்னல் இடுக்கை அடைப்பது, தடிமனான திரை, அரசு பரிந்துரைக்கும் 19 டிகிரியில் ஹீட்டரை வைப்பது ஆகியவையே முதல் படி.
- எரிவாயு பாய்லர் உள்ள தனி வீடு: பணத்துக்காக வேண்டாம்.
- மின் ஹீட்டர் மட்டும் உள்ள, புகைபோக்கி இல்லாத வீடு: ஹீட் பம்ப் ஏசிக்கும் விலை கேட்டுப் பார்த்த பிறகு முடிவெடுக்கலாம்.
- மின் ஹீட்டர், நல்ல புகைபோக்கி, விறகு அடுக்க இடம், காய்ந்த விறகு நம்பகமாகக் கிடைக்கும் வழி, நாள் முழுக்க வீட்டில் ஆள். இந்த ஐந்தும் இருந்தால் 5 - 6 கிலோவாட் விறகு ஸ்டவ் நல்ல தேர்வு.
- வேலைக்குப் போய் இரவு வரும் இளம் தம்பதி அல்லது கட்டை தூக்க முடியாத பெரியவர்கள்: விறகுக்குப் பதில் பெல்லெட். 15 கிலோ மூட்டையைத் தூக்குவது யார் என்று மட்டும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

குறைந்தது மூன்று நிறுவனங்களிடம் எழுத்துப்பூர்வ விலைப்பட்டியல் வாங்குவதும், அதில் அடுப்பு, குழாய், கூலி மூன்றுக்கும் தனித்தனித் தொகை கேட்பதும் முக்கியம். அடுப்பு விலையைக் குறைத்துக் காட்டிக் குழாயில் பிடித்துக்கொள்வது பழைய உத்தி. கோடையில் கேட்டால் பேரம் பேசவும் இடம் இருக்கும், விறகு காயவும் நேரம் இருக்கும்.